வயிறு நிறைந்த மாட்டுக்கு இன்னும் என்ன வேண்டும்?

வெளியே மேயும் மாடு ஒரு நாளில் எட்டு மணி நேரம் போல மேயும். அது வெறும் தீனி இல்லை. எந்தப் புல், எந்தத் தழை என்று அடிக்கு அடி தேர்ந்தெடுக்கும் வேலை. செம்மறி ஆட்டின் முன்னால் புல்லும் க்ளோவர் என்ற பயறுவகைச் செடியும் தாராளமாக இருந்தால், சுமார் 70 சதவீதம் க்ளோவரைத் தின்னும். காலையில் க்ளோவர் அதிகம், சாயங்காலம் புல் பக்கம் கூடுதலாகத் திரும்பும்.

கொட்டிலில் தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் வைத்தால் சத்து சீக்கிரமே உள்ளே போய்விடுகிறது. ஆனால் தேடித் தின்னும் உந்துதல் அடங்குவதில்லை. நாக்கை வெளியே நீட்டித் திரும்பத் திரும்பச் சுழற்றுவது, கம்பியைக் கடிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். இந்த உந்துதல்களுக்கு இடம் கொடுப்பதுதான் சூழல் வளமூட்டல்.

சரி, மாட்டுக்கு எது வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனிடமே கேட்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தள்ளித் திறக்கும் கதவில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எவ்வளவு எடை வரை மாடு தள்ளுகிறதோ, அவ்வளவு விருப்பம் என்று கணக்கு. 2017-இல் வந்த முடிவு: புதுத் தீவனத்துக்குத் தள்ளும் அளவுக்கு மேய்ச்சல் நிலத்துக்கும் தள்ளின. 2018-இல் வந்தது இன்னும் ஆச்சரியம். உடம்பைத் தேய்த்துவிடும் சுழல் பிரஷுக்காகவும் ஏறக்குறைய அதே அளவு பாடுபட்டன! முதுகு சொறிவதை ஆடம்பரம் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2004-இல் கேம்பிரிட்ஜில் நடந்தது. கிடாரிகள் (இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்கள்) ஒரு பலகையை அழுத்தினால் கதவு திறந்து தீவனம் கிடைக்கும். வேறு சில கிடாரிகளுக்கு எதுவும் செய்யாமலே அதே தீவனம் கிடைத்தது. பலகையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டவை, அது பிடிபட்ட நேரத்தில் மற்றவற்றைவிடக் கூடுதல் துடிப்பைக் காட்டின. தீவனம் ஒன்றுதான், தானே முயன்று பெற்றதில்தான் வித்தியாசம்.

அதனால் ஒரு பந்தை உருட்டிவிட்டால் போதாது, புதுமை போனதும் மாடு அதைத் திரும்பிப் பார்க்காது. வைக்கோல் போன்ற நார்த்தீவனம் எப்போதும் எட்டும்படி இருப்பதுதான் முதல் தேவை. அப்புறம் பிரஷ், வெள்ளாட்டுக்கு ஏறி நிற்க மேடை, கன்றுக்கு இன்னொரு கன்றின் துணை. தனியாக அடைத்து வளர்த்த கன்றுகள், பழகிய விதி மாறும்போது புதியதைக் கற்கத் திணறுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

திறந்தவெளியில் விட்டதோடு கடமை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒரே வகைப் புல் மட்டும் முளைத்த வெட்டவெளியும் வெறுமைதான். அங்கேயும் நிழலுக்கும் உராய்வதற்கும் சில மரங்கள், கடித்துப் பார்க்கப் பலவகைச் செடிகள் வேண்டும்.