ஏலம் போன நகைக்கு யாரிடம் முறையிடுவது?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் கடலைக்காட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, வட்டி கட்டப் போன இடத்தில்தான் தன் மூன்று பவுன் சங்கிலி ஏலம் போய்விட்டதைத் தெரிந்துகொண்டார். அடகு வைத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சிக்கு அருகே உள்ள ஒரு கிளையில். நோட்டீஸ் அனுப்பினோம் என்றார்கள். அனுப்பியது ஆங்கிலத்தில், அதுவும் அவர் காலிசெய்து இரண்டு வருடம் ஆகிவிட்ட வாடகை வீட்டுக்கு. கேரளக் காவல் நிலையத்தில் "கிளை தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போங்கள்" என்றார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்றார்கள். கோபாலபுரம் சோதனைச் சாவடியை நான்கு முறை தாண்டி, நான்கு நாள் கூலியை இழந்த பிறகு, மனு எழுதிக் கேட்டு என்னிடம் வந்தார்.

இந்த அலைச்சல் தேவையே இல்லை. நகைக்கடன் நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்றதாக இருந்தால், கிளை எந்த மாநிலத்தில் இருந்தாலும் விதி ஒன்றுதான். மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதமே சொல்லிவிட்டது. ஆகவே தாசில்தாரிடம் மனு கொடுத்து மூன்று மாதம் காத்திருப்பதில் பயனில்லை.

ஆனால் முதலில் ரசீதை எடுத்து, கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள். பாதிப் பேர் இடறி விழுவது இங்கேதான். சாதாரண அடகுக்கடை ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் கொடுப்பவர் தாசில்தார். பெயரில் 'நிதி லிமிடெட்' என்று இருந்தால் அது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் பொறுப்பு. பாலக்காட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும் சர்வீஸ் கூட்டுறவு வங்கி, பெயரில்தான் வங்கி. புகார் கூட்டுறவுச் சங்கப் பதிவாளருக்குப் போக வேண்டும். பலகையில் 'பைனான்ஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி அபராதம்' என்று செய்தி வந்தால், தனக்கும் ஏதோ கிடைக்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட வராது. நிறுவனம் வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தம் செல்லுமா என்பதைப் பற்றித் தாங்கள் எதுவும் சொல்லவில்லை என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கும். 2024 மார்ச் 4 அன்று ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் புதிய நகைக்கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. எடை, தரம் பார்ப்பதிலும் ஏலம் விடுவதிலும் குறைகள் இருந்தன என்பது காரணம். செப்டம்பரில் தடை நீங்கியது. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் சங்கிலிக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுத வேண்டியது முதலில் நிறுவனத்துக்கு. கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. "மேலிடத்தில் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அவர் சொல்வதும் பதில் ஆகாது. சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் எண்ணும் கிளைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் அழ வேண்டாம், கேள்வி கேளுங்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில், எந்த முகவரிக்குப் போனது? ஏல விளம்பரம் எந்த இரண்டு நாளிதழ்களில் வந்தது? அவற்றில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும். நகை எவ்வளவுக்குப் போனது, கடனுக்குக் கழித்தது போக மீதி எங்கே? அந்த மீதி உங்கள் பணம். கேட்காதவர்களுக்கு அது வந்துசேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில்தான் கடிதப் போக்குவரத்து இருக்க வேண்டும் என்பதும் விதி. மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத எல்லையோரத் தமிழர்கள் இதை ஒரு தனிப் பத்தியாகவே எழுதலாம்.

2025 ஜூனில் வந்த புதிய நகைக்கடன் விதிகள் இன்னும் கறாரானவை: ஏல மீதியை 7 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், கடனை முழுதும் அடைத்த பிறகும் நகையைத் திருப்பித் தராமல் நிறுவனம் தன் தவறால் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இவற்றை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன் வாங்கிய கடன் என்றால் "பழைய விதிதான்" என்பார்கள். சொல்லட்டும், நோட்டீசும் விளம்பரமும் மீதிப் பணமும் பழைய விதியிலும் உண்டு.

30 நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, மறுநாளே ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. இணையத்தில் போடலாம், தபால் என்றால் சண்டிகர், 17-ஆம் செக்டரில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு, தமிழிலேயே அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

இங்கே புகார்கள் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே போனால் திரும்பும். 30 நாள் முடியும் முன் போனாலும் திரும்பும். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை ரிசர்வ் வங்கிக்கும் அனுப்பிவிட்டேன் என்றால் அது புகாராகவே எடுத்துக்கொள்ளப்படாது. வக்கீல் மூலம் அனுப்பக் கூடாது. உங்களுக்காக மகனோ அண்டை வீட்டாரோ அத்தாட்சிக் கடிதத்துடன் அனுப்பலாம். இதே விஷயத்துக்கு ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் கதவு மூடிவிடும். அதனால் நுகர்வோர் நீதிமன்றத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வருடக் கெடு உண்டு.

அந்த நீதிமன்றத்துக்காகவும் எல்லை தாண்ட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கு அது பாலக்காடு. நிறுவனத்தின் வக்கீல் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வரட்டும்.