குட்டைக் கோதுமை என்ன பாவம் செய்தது?

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். அவளுடைய ஏழு வயதுப் பெண்ணுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய் அது. கோதுமையே கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. ஆனால் மறுபடியும் வயிற்றுப்போக்கு, எடையும் ஏறவில்லை. குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் வந்தது: "மாமியார் தினமும் சம்பா கோதுமை ரவையில உப்புமா கிண்டித் தர்றாங்கண்ணா. அது பழைய, உயரமான கோதுமையாம். குட்டைக் கோதுமையிலதான் குளூட்டனாம்."

இந்த வருடத்தில் இது மூன்றாவது போன். கோதுமை ரகம் உருவாக்குவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

உயரம் தண்டின் சமாச்சாரம், குளூட்டன் மணியின் சமாச்சாரம். கோதுமையைக் குட்டையாக்கும் முக்கியமான இரண்டு ஜீன்கள் நான்காம் குரோமோசோம் தொகுதியில் இருக்கின்றன. குளூட்டன் புரதங்களின் ஜீன்கள் ஒன்றிலும் ஆறிலும். ஆள் குள்ளமானால் ரத்த வகை மாறிவிடுமா? ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனுக்குச் செடி செவிசாய்க்காததால் தண்டில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதி சுருங்குகிறது, அவ்வளவுதான். உரம் போட்டாலும் சாயாமல் நிற்பதற்காகத்தான் அந்த ஜீன்களைத் தேடிப் போனோம்.

அடுத்தது, "குட்டைக் கோதுமை மரபணு மாற்றப்பட்டது". இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டைக்கு மூலமான நோரின் 10 என்ற கோதுமை ரகம் ஜப்பானில் வெளியானது 1935இல். டி.என்.ஏ.வின் வடிவம் தெரியவந்ததே 1953இல்தான். அமெரிக்காவில் வோகல், மெக்சிகோவில் போர்லாக் என்ற விஞ்ஞானிகள் அதை மற்ற ரகங்களோடு ஒட்டுச்சேர்த்தார்கள். 1960களில் அந்த விதை இந்தியாவுக்கு வந்தது. ஒட்டுச்சேர்ப்பது என்றால் என்ன தெரியுமா? இளங்கதிரின் ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று மகரந்தப் பைகளைச் சாமணத்தால் கிள்ளி எடுத்து, காகித உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து வேறு செடியின் மகரந்தத்தைத் தூவுவது. ஒரு பை தப்பினாலும் அந்தப் பூ வீண். எனக்குக் கழுத்து வலி வந்ததே இதனால்தான்.

இன்னொன்று. நீங்கள் 'உயரமான பழசு' என்று நம்பும் சம்பா கோதுமையிலேயே குட்டை ரகங்கள் உண்டு. நீலகிரி வெலிங்டன் ஆராய்ச்சி நிலையத்தின் எச்.டபிள்யூ. 1098 அப்படி ஒன்று. குட்டையோ நெட்டையோ, சம்பாவிலும் குளூட்டன் இருக்கிறது.

குட்டைக்குக் குறையே இல்லையா? உண்டு. முளைக்குருத்தைக் காக்கும் உறையும் சேர்ந்து குட்டையாகிவிடுகிறது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி ஆழமாக விதைத்தால் முளை மேலே வரத் திணறும். அது விவசாயியின் கவலை, உங்கள் குடலின் கவலை அல்ல.

சீலியாக் உறுதியானவர்கள் வீட்டில் சம்பா, ரவை, மைதா, சேமியா, பார்லி எதுவும் வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கோதுமை அரைத்த மிஷினில் அரிசியை அரைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். நோய் இல்லாதவர்கள் தாராளமாகச் சப்பாத்தி சாப்பிடுங்கள்.

பாட்டிகளைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. அன்பாகத்தான் கிண்டிக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டில் அரிசி உப்புமா. பெருங்காய டப்பாவையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.