தேதி போட்ட தாள் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் பென்ஷனும் முதியோர் சட்டமும்

போன குளிர்காலத்தில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டியை, அரசு மானியங்களைத் தரும் சாசா அலுவலகத்துக்குப் பென்ஷன் விண்ணப்பம் போடக் கூட்டிப்போனேன். அவருக்கு அது நான்காவது நடை. முதல் நடையில், பழைய வேலை இடத்தில் கொடுத்த விலகல் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவர் தையல் வேலை பார்த்த ஃபேக்டரியோ மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இரண்டாவது நடையில் பேங்க் ஸ்டேட்மென்ட் போதவில்லை. மூன்றாவது நடையில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். மூன்று முறையும் விடியுமுன் எழுந்து டாக்சி பிடித்துப் போய், மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். 60 வயது முடிந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. மாதம் 2,300 ராண்ட் என்று வைத்தாலும் 11,500 ராண்ட். அது போனது போனதுதான்.

ஏன் போனது? பென்ஷன் உங்களுக்கு 60 வயதான நாளிலிருந்து கணக்காவதில்லை, நீங்கள் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. முடிவு சொல்ல மூன்று மாதம் ஆனாலும், கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து சேர்த்துத் தருவார்கள். அதனால் கவுன்டரில் "வீட்டுக்குப் போய் அதைக் கொண்டு வாருங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். "இருப்பதை வைத்து இன்றைக்கே விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாததற்கு அஃபிடவிட் தருகிறேன்" என்று மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கையெழுத்திடும் தாளை, போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாக எழுதிக்கொடுப்பார்கள். ஐடி புத்தகமே இல்லாதவர்கூட அஃபிடவிட் வைத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது. விண்ணப்பம் போட்டதும் தேதியும் முத்திரையும், எழுதி வாங்கிய அதிகாரியின் பெயரும் உள்ள ரசீது கையில் வரவேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார்.

வயது விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பென்ஷன் என்று நாம் சொல்லும் முதியோர் மானியம் 2010 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 60 வயதில் கிடைக்கிறது. முன்பு ஆண்கள் 65 வரை காத்திருந்தார்கள். அந்தப் பழைய கணக்கு இன்னும் பலர் மனதில் இருப்பதால், 60 தாண்டிய தாத்தாக்கள் பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் முதியோரின் பாதுகாப்புக்கான 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தில் ஆணுக்கு 65, பெண்ணுக்கு 60 என்றே எழுதியிருக்கிறது. 62 வயது தாத்தாவுக்குப் பென்ஷன் உண்டு, அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் முதியவர் இல்லை. 75 தாண்டியவர்களுக்குப் பென்ஷனில் மாதம் 20 ராண்ட் கூடுதல்.

அடுத்து வருமானச் சோதனை, அதாவது உங்கள் வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. சொந்த வீடு இருந்தால் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் உங்கள் வீடு சொத்துக் கணக்கில் சேராது. ஆனால் கணவன் மனைவி இருவரின் வருமானமும் சொத்தும் சேர்த்துப் பார்க்கப்படும். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. ஐடியில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி எழுத்தும் மாறியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு தாளும், ஆகிவிட்டது என்று இன்னொரு தாளும் சொன்னால் ஃபைல் அங்கேயே நிற்கும். போவதற்கு முன்பே, எந்த வருடம் எங்கே எந்த முறைப்படி கல்யாணம் நடந்தது, இப்போது சேர்ந்து வாழ்கிறீர்களா என்று அஃபிடவிட் எழுதி எடுத்துப்போங்கள். கணவர் விட்டுப்போய்விட்டார் என்றால் எப்போதிலிருந்து என்பதையும் அதில் எழுதுங்கள். கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகாவிட்டால் உயிலும் சொத்துப் பிரித்த கணக்கும் கேட்பார்கள். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள். மகன் தன் சம்பளப் பணத்தை அம்மா கணக்கில் போட்டு எடுக்கும் வழக்கம் இருந்தால் அது அம்மாவின் வருமானம் போலத் தெரியும். அதை முதலில் நிறுத்துங்கள்.

நடக்க முடியாதவரை வீல்சேரில் வைத்து வரிசையில் நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. டாக்டர் கடிதத்தோடு குடும்பத்தில் ஒருவர் போய் அவருக்காக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். வாயால் "கிடைக்காது" என்று சொன்னதை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. பென்ஷன் வர ஆரம்பித்த பிறகும் கவனம் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் எடுக்காமல் விட்டால் மானியம் நின்றுவிடும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: படுத்த படுக்கையாகி முழுநேரமும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளவேண்டிய நிலை வந்தால், பென்ஷனோடு கூட இன்னொரு சிறு தொகை உண்டு. கிராண்ட் இன் எய்ட் என்று கேளுங்கள். 2025-இல் மாதம் 560 ராண்ட். தானாக வராது, டாக்டர் பரிசோதனையோடு தனியாக விண்ணப்பிக்கவேண்டும். மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட மருமகள்கள் எத்தனை பேர் இது தெரியாமல் வருடக்கணக்காக இருந்திருக்கிறார்கள்!

இனி முதியோர் இல்லம். 1967-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2006-இல் நிறைவேறிய சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2022-இல் ஒரு திருத்த மசோதாவும் பாராளுமன்றத்துக்குப் போனது. புதுச் சட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். 2006 சட்டத்திலேயே நிறைய இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பதிவு செய்யாமல் முதியோர் இல்லம் நடத்துவது குற்றம். சாதாரண வீட்டில் ஏழெட்டுக் கட்டில் போட்டு நடத்தும் இடங்கள் இருக்கின்றன. அம்மாவை விடுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்கினால் வேறிடம் பாருங்கள். அவர் சுயநினைவோடு இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது. பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தாலும் அது அவர் சம்மதம் ஆகாது. உள்ளே இருப்பவருக்குத் தன் பொருள்களை வைத்துக்கொள்ள, செலவு செய்ய முடிந்தால் தன் டாக்டரையே பார்க்க, தனக்காகப் பேச ஒருவரை நியமிக்க உரிமை உண்டு. ஒரு வீட்டாரிடம் ஓர் இல்லம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, திங்கட்கிழமைக்குள் அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றது. அவருக்கு 80-க்கு மேல். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று சட்டத்தில் இருப்பது அந்த வீட்டாருக்குத் தெரியவில்லை. இரவோடு இரவாக மூட்டை கட்டினார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால், அறிவிப்பை எழுத்தில் தாருங்கள் என்ற ஒரு வார்த்தை முதலில் சொல்லுங்கள்.

அரசோடு ஒப்பந்தம் உள்ள இல்லத்தில் சேர்ந்தால், நான்காவது மாதத்திலிருந்து பென்ஷன் கால் பங்காகக் குறையும். வீட்டுக்குத் திரும்பியதும் முழுத்தொகை மறுபடி வரவேண்டும். அதற்கு நீங்கள் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். வெளியே வந்த தேதி எழுதிய கடிதத்தை இல்லத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி பற்றி ஒரு எச்சரிக்கை. அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அதில் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவரின் சுயநினைவு போய்விட்டால் அந்தத் தாளும் செல்லாது. பேங்க் கண்டுபிடித்தால் கணக்கு முடங்கும். அதன்பின் ஹை கோர்ட் வழியாகவோ, மாஸ்டர் என்ற ஹை கோர்ட் அதிகாரியின் அலுவலகம் வழியாக நிர்வாகி நியமித்தோதான் பணத்தைத் தொட முடியும். நினைவு நன்றாக இருக்கும்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டை மகன் பேருக்கு மாற்றுவதாக இருந்தால், சாகும்வரை அங்கே வசிக்கும் உரிமையைப் பத்திரத்தில் பதிவு செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "நாங்க பார்த்துக்கறோம்மா" என்ற வாக்கு மருமகள் மாறினால் மாறிவிடும்.

கடைசியாக, நம் வீடுகளில் வெளியே சொல்லாத விஷயம். பென்ஷன் கார்டை மகனோ பேரனோ வைத்துக்கொண்டு பணத்தைத் தராமல் இருப்பது சட்டப்படி கொடுமை. அடிப்பது மட்டுமே கொடுமை என்று நினைக்கவேண்டாம், பொருளாதாரக் கொடுமை என்றே சட்டத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் கார்டையும் பின் நம்பரையும் பிடித்து வைப்பதும் சட்டவிரோதம். அண்டை வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தால் சமூக நலத்துறையிடமோ போலீசிடமோ சொல்வது அவர் கடமை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

2023 ஏப்ரல் முதல் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் முதியோர் கொடுமை சேர்க்கப்பட்டிருக்கிறது. முன்பு சொன்ன 62 வயது தாத்தாவும் இந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், பாதுகாப்பு ஆணை மனு வேண்டும் என்று கிளார்க்கிடம் கேளுங்கள். வக்கீல் தேவையில்லை. கொடுமை செய்பவர் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றுகூடக் கோர்ட் சொல்ல முடியும். "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று போலீஸ் ஸ்டேஷனில் அனுப்பினால், அதைச் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அரசு உதவி மையத்தின் எண் 0800 428 428, இரவும் பகலும் எடுப்பார்கள். பென்ஷன் பற்றிக் கேட்க சாசாவின் இலவச எண் 0800 60 10 11. யார் பேசினார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டே பேசுங்கள்.