திரள்நிதியும் இணை மானியமும்

'பொருந்தும் மானியம் பெற விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு படிவத்தின் தமிழாக்கத்தில் படித்தேன். எதற்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தும்? மூலச்சொல்லான 'மேட்சிங் கிராண்ட்' (மக்கள் சேர்க்கும் தொகைக்குச் சமமாக அரசோ ஓர் அமைப்போ தரும் பணம்) தெரிந்தவருக்குத்தான் அந்தத் தமிழ் புரியும். அப்படியானால் தமிழாக்கம் எதற்கு?

அதன் கூட்டாளிச் சொல்லான 'கிரவுட் ஃபண்டிங்', அதாவது பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்ப்பது, வயதுக்கு மீறிப் பழகிவிட்டது. 2006-இல் பிறந்த சொல் அது. அதே ஆண்டில் சற்று முன்னால் வந்த 'கிரவுட்சோர்சிங்' (ஒரு வேலையைப் பொதுமக்கள் பலரிடம் விட்டுச் செய்துகொள்வது) அதற்கு அண்ணன். செயலோ மிகப் பழையது. சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் போனபோது, 1885-இல் ஜோசப் புலிட்சர் தம் நியூயார்க் நாளிதழில் வாசகர்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவர் பெயர் அச்சில் வரும் என்றார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலரோ அதற்கும் குறைவோதான்.

தமிழில் இதைப் பலர் 'கூட்டுநிதி' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூட்டுக் கணக்கு, கூட்டுப் பட்டா என்னும்போது ஒருவரையொருவர் அறிந்த சிலர் சேர்ந்து வைத்திருப்பது என்றுதான் பொருள். இங்கே கொடுப்பவர்கள் முன்பின் அறியாதவர்கள். 'திரள்நிதி' பொருத்தமானது. திரள் என்றால் மக்கள் கூட்டம். அதுவே திரளுதல் என்ற வினையும் ஆகிறது. அதன் பிறவினைதான் நாம் அன்றாடம் எழுதும் 'நிதி திரட்டு'. ஆளும் செயலும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறு எங்கே தேடுவது?

இனி 'மேட்ச்'. பழைய ஆங்கிலத்தில் இதற்குத் துணை, சோடி, சமமானவர் என்று பொருள். தமிழ் 'இணை' இந்த மூன்றையும் அப்படியே சுமக்கிறது: இணைபிரியாத, இணையில்லாத. ஆகவே 'இணை மானியம்'. இணை இயக்குநர் போல ஒரு படி கீழானது என்று யாராவது நினைக்கக்கூடும்தான். ஆனாலும் 'ஈட்டு மானியம்' என்பதைவிட மேல். 'ஈடு' என்றதும் அடமானமும் இழப்பீடும் நினைவுக்கு வந்துவிடும். 'மானியம்' என்பதை விட்டு 'நல்கை' என்று எழுதுவோரும் உண்டு. விலையில் கழிக்கும் உதவித்தொகைக்கும் மானியம் என்றே பெயர் இருப்பதால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழகிய சொல் என்பதால் நான் மானியத்தை விடவில்லை.

இணை என்பதில் ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது: ஒன்று வராமல் மற்றொன்று வராது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2014-இல் தொடங்கிய பொது இடங்களுக்கான திட்டத்தில், பகுதி மக்கள் இணையத்தில் அறிவித்த திரள்நிதி இலக்கை எட்டினால் மாநிலம் அதே அளவு தொகையை, 50,000 டாலர் வரை, கொடுக்கும். எட்டாவிட்டால் மாநிலத்தின் பங்கு இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பணத்தை மட்டும் இணையாகக் கேட்டால் வசதியுள்ள தெருவுக்கே மானியம் போய்ச்சேரும். பல மொழிகளும் பல வருவாய் நிலைகளும் கலந்து வாழும் பகுதியில் இது சின்னச் சிக்கல் அல்ல. சியாட்டில் நகரம் 1988-இல் ஏற்படுத்திய அக்கம்பக்க இணை நிதியில் தன்னார்வ உழைப்பு, இலவசமாகத் தரும் பொருள், தொழில்முறைச் சேவை எல்லாமே மக்களின் பங்காகக் கணக்கில் ஏறுகின்றன. பூங்காவில் மண் வெட்டிய நேரத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டு அதற்கு இணையாக நகரம் பணம் தருகிறது.

அங்கேதான் 'நிதி' என்ற சொல் கொஞ்சம் இடறுகிறது. படிவத்தில் 'நிதிப் பங்களிப்பு' என்ற கட்டத்தைப் பார்த்தால், நான்கு மணி நேரம் மண் வெட்டியவர் அதை வெறுமையாக விட்டுவிடுவார். 'பங்களிப்பு' என்று மட்டும் இருந்தால் 'நான்கு மணி நேரம்' என்று எழுதுவார்.