ஈரம் வற்றும் முன்னே: கீழ்ப் பர்மாவின் பனிக்கால உளுந்து

கீழ்ப் பர்மாவில் பெகு, ஐராவதி வட்டாரங்களின் நெல் வயல்களில், தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் இடைப்பட்ட நாள்களில், கதிரறுத்த கையோடு உளுந்து விதைக்கிறார்கள். வைகாசியில் தொடங்கிய பருவமழை ஐப்பசியில் ஓய்ந்துவிட, அதன்பின் பெரும்பாலும் மழையையே காணாமல் 70 முதல் 90 நாள்களில் விளைந்துவிடும் இந்தப் பயிர் எங்கிருந்து நீர் எடுக்கிறது என்று தெரிந்தால், விதைப்பில் ஏன் இத்தனை அவசரம் என்பதும் விளங்கிவிடும்.

நெல்லுக்குத் தேங்கிய நீர் வடிந்த பிறகும் களிமண்ணின் நுண்துளைகளில் நிறைய ஈரம் தங்கியிருக்கும். மயிரிழையினும் மெல்லிய அத்துளைகளில் நீர் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் அது கீழே வடிவதில்லை. ஆனால் மேல்மண் வெயிலில் காயக் காய, அடியிலுள்ள நீர் அதே துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மேலேறி ஆவியாகிறது. மேலிருந்து வறட்சி இறங்கிக்கொண்டே வரும்; வேர் அதற்கு முன்னால் இறங்கிக்கொண்டே போக வேண்டும். விதைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால், முளைக்கத் தன் எடையளவு நீரை உறிஞ்ச வேண்டிய விதை, ஈரமற்ற மேல்மண்ணிலேயே கிடந்து வீணாகும்.

விதைக்க ஏற்ற ஈரம் இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். விதைக்கும் ஆழத்து மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால், உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். ஆனால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கசிந்தால் துளைகளில் காற்றுக்கு இடமில்லை, விதை அழுகும். உதிர்ந்தால் நாள் கடந்துவிட்டது.

பர்மாத் தமிழரான நம் முன்னோர் பலர் விட்டுவந்த தஞ்சைப் பக்கத்திலும் நெல் தரிசில் உளுந்து உண்டு. ஆனால் அங்கே வடகிழக்குப் பருவமழை முடிந்து சம்பா விளைய வேண்டியிருப்பதால் அது தை மாதத்து வேலை. நாள்காட்டிதான் வேறு, இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே.

வரிசையாக விதைப்பதன் பயனும் ஈரக் கணக்கில்தான் இருக்கிறது. 30 செ.மீ. இடைவெளி வரிசையில் 10 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 செடிகள். கை வீச்சில் தூவும்போது ஓரிடத்தில் நெருக்கமும் ஓரிடத்தில் வெற்றிடமுமாகி, நெருங்கிய செடிகள் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடுகின்றன. வரிசையிடையே மேலாகக் கொத்திவிட்டால் களையும் போகும், மேலேறும் நுண்துளைகளும் அறுபட்டு ஆவியாதலும் குறையும்.

தழைச்சத்துக்கு உளுந்து காற்றையே நம்புகிறது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபிய இனப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. ஆனால் அவ்வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டாலே செயலிழக்கும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது நம் இரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. விதைத்து ஒரு மாதமான செடியைப் பெயர்த்து முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நடக்கவில்லை. மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில் இந்தப் பாக்டீரியா குறைந்திருக்கக்கூடும் என்பதால், ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைப்பது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை என்பது என் உறுதியான கருத்து.

பூக்கும் பருவத்தில் மேல்மண் காய்ந்து, அங்குள்ள உரத்தை வேர் எடுக்க முடியாமல் போகும். அப்போது 2 சதவீத டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரக் கரைசலை இலைமேல் தெளிப்பதும், 15 நாள் கழித்து மறுமுறை தெளிப்பதும் அதனால்தான். மஞ்சள் தேமல் கண்ட செடிகளை உடனே பிடுங்கிவிட வேண்டும். அந்த வைரஸை வெள்ளை ஈ செடிக்குச் செடி கொண்டுபோகும்.

மியன்மா வேளாண் வளர்ச்சி வங்கி மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியே பயிர்க்கடன் தருகிறது. நெல் முற்றும்போதே குளிர்காலக் கடனுக்கான தாள்களைச் சேர்த்துவைத்தால் விதை வாங்கும் நாள் தப்பாது. விற்பனைக்கு நம்பிக்கை தருவது இந்தியச் சந்தை: ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் தனியார் வணிகம் வழியே வாங்குவதென 2021இல் ஐந்தாண்டுகளுக்கு உடன்பாடு செய்யப்பட்டது.

நெற்று கறுத்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் அடித்தண்டில் அறுப்பது நல்லது. சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்புக்குள் போயிருக்கும். மண்ணில் மிஞ்சும் வேரும் முடிச்சும் மட்கி, வைகாசி மழையில் நடும் நாற்றுக்குச் சேரும்.