ஏழாம் வகுப்பில் வந்த காமாலை

ரத்ததான முகாமில் படிவம் பார்க்கிற மேஜைதான் பெரும்பாலும் என் இடம். "காமாலை வந்திருக்கா?" என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சமீபத்தில் ஒரு கல்லூரி முகாமில் ஒரு பையன் மட்டும் நின்று சொன்னான்: "ஏழாவது படிக்கும்போது வந்துச்சு சார். பாட்டி கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தாங்க, சரியாப்போச்சு."

எந்த வகைக் காமாலை? தெரியாது. அப்போது ரத்தம் சோதித்த சீட்டும் இல்லை.

ஹெபடைடிஸ் என்கிற கல்லீரல் வைரஸ்களில் ஏ அல்லது ஈ வகையால் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் 12 மாதம் கழித்து ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். பி, சி, அல்லது எதுவென்றே தெரியாத காமாலை என்றால் இந்திய விதிப்படி எப்போதுமே எடுக்கக் கூடாது. தம்பியின் முகம் வாடிவிட்டது. "அதான் எப்படியும் டெஸ்ட் பண்ணுவீங்கல்ல சார்?" என்றான்.

பண்ணுவோம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துமே கட்டாயம். ஆனால் பி-க்கு வழக்கமாக நாங்கள் தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தை. தொற்று வந்து அடங்கியவர்களிடம் அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும், ஆனால் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வருஷக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும், சிலருக்கு அங்கிருந்து கொஞ்சூண்டு வைரஸ் ரத்தத்தில் கசிந்துகொண்டும் இருக்கும். மேலுறைப் புரதத்தைத் தேடுகிற எலைசா சோதனை 'நெகட்டிவ்' என்றே காட்டும். அந்த ரத்தம் புற்றுநோய்க்கு மருந்து ஏறி எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் ஒருவருக்குப் போனால்?

இப்படிப் பழைய தொற்றைக் காட்டிக்கொடுப்பது கோர் ஆன்டிபாடி, அதாவது வைரஸின் உள்பகுதிப் புரதத்துக்கு எதிராக உடம்பு உருவாக்குகிற எதிர்ப்பொருள். தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே இருப்பதால், ஊசி போட்டவருக்கு இது உருவாகாது. ஆக இது நிஜமாகவே பாசிட்டிவ் என்றால் வைரஸ் ஒருமுறை உள்ளே வந்து போயிருக்கிறது. அமெரிக்காவில் 1980-களிலேயே தானம் தருபவர்களுக்கு இந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டார்கள், ஜெர்மனியில் 2006-இல், இங்கிலாந்தில் 2022-இல்தான். இங்கே கட்டாயமில்லை. பி வகை பரவலாக இருக்கிற நாட்டில் பாசிட்டிவ் வருகிற எல்லோரையும் திருப்பி அனுப்பினால் ரத்தத்துக்கு எங்கே போவது, அவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் வைரஸே இருக்காதே என்பது நியாயமான வாதம்தான். வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிற நாட் சோதனை இருக்கிறது, புதுத் தொற்றையும் அது சீக்கிரம் பிடிக்கும், ஆனால் செலவு அதிகம், எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. மிகக் குறைந்த அளவு வைரஸ் அதற்கும் சில சமயம் தப்பிவிடும். அதனால்தான் அந்த டிக்கை நான் ஒரு சோதனையாகவே பார்க்கிறேன், அதுவும் காசில்லாத சோதனை.

கல்லீரல் மருத்துவரைப் பார்த்து ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்லி, ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து அவனை உட்கார வைத்தேன். வரிசையில் அடுத்து நின்றவன் தன் படிவத்தை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். "சார், ஒரு நிமிஷம் பேனா குடுங்க, ஒண்ணு மாத்தணும்."