உங்கள் கோப்பு காதுக்கு எப்படிக் கேட்கிறது?

“சாஃப்ட் காபி அனுப்பிவிட்டோமே, அப்புறம் என்ன சிக்கல்?” பார்வையற்றவர்கள் படிக்கிற, வேலை பார்க்கிற இடங்களுக்கு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் படிக்க முடியாது, கணினிக் கோப்பாகக் கொடுத்தால் படித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி சரிதான். மீதிப் பாதி, அந்தக் கோப்பை உருவாக்கியவர் கையில் இருக்கிறது.

பார்வையற்றவர்கள் கணினியிலும் கைபேசியிலும் படிக்க உதவுவது திரைவாசிப்பு மென்பொருள். ஸ்கிரீன் ரீடர் என்றால் எல்லாருக்கும் தெரியும். விண்டோஸில் ஜாஸ், என்விடிஏ, ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். இவற்றில் என்விடிஏ இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் எழுதத் தொடங்கியது அது. கோப்புக்குள் எழுத்தாகவும் அமைப்பாகவும் என்ன பதிந்திருக்கிறதோ, அதை எடுத்து இந்த மென்பொருள்கள் குரலாகச் சொல்லும். அல்லது புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் கருவிக்கு அனுப்பும். பார்வையும் காது கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கு அந்தப் பிரெயில் வரிதான் வழி. நாம் கண்ணுக்காகச் செய்த ஏற்பாடு எதுவாக இருந்தாலும், அது கோப்புக்குள் பதியவில்லை என்றால் அவர்களுக்குப் போய்ச் சேராது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் இதற்கு நல்ல உதாரணம். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்பதற்காகத் தாளை ஸ்கேன் செய்து அனுப்புவது பல அலுவலகங்களின் பழக்கம். அந்தக் கோப்பைத் திறந்து கண்ட்ரோல்-ஏ அழுத்திப் பாருங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் உள்ளே இருப்பது ஒரு புகைப்படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் தமிழுக்கும் இருக்கிறது, டெசராக்ட் போன்ற இலவச மென்பொருளே தமிழைப் படிக்கும். ஆனால் முத்திரை எழுத்தின் மேல் விழுந்திருந்தாலோ, தாள் சாய்ந்திருந்தாலோ அது தடுமாறும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. இதற்குத் தீர்வு எளிது. அந்தக் கடிதம் முதலில் வேர்டில்தானே தட்டச்சானது? கையெழுத்திட்ட ஸ்கேனோடு அந்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

அடுத்தது தலைப்பு. ஒரு நீண்ட அறிக்கை கைக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறோம். தடித்த எழுத்தில் தலைப்பு தெரியும் இடத்தில் நிற்கிறோம். வேண்டாததை விட்டுவிட்டு வேண்டிய பகுதிக்குப் போய்விடுகிறோம். பார்வையற்ற வாசகரும் அப்படித்தான் படிக்க விரும்புகிறார். திரைவாசிப்பானில் அதற்கு வழியும் இருக்கிறது. என்விடிஏயில் இன்செர்ட் விசையோடு எஃப்7 அழுத்தினால் ஆவணத்தின் தலைப்புகள் பட்டியலாக வந்து நிற்கும். உலாவும் முறையில் எச் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு தலைப்பாகத் தாவலாம்.

ஆனால் எழுதியவர் தலைப்பைத் தலைப்பாகக் குறித்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைத்துவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கு அதுவும் மற்றதைப் போல ஒரு பத்திதான். பட்டியல் காலியாக வரும். நூறு பக்க ஆவணத்தில் எழுபதாம் பக்கத்துச் செய்திக்காக முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். வேர்டில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற பாணிகள் இருப்பது இதற்காகத்தான். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1 என்று தட்டினால் முதல்நிலைத் தலைப்பு, 2 என்றால் அடுத்த நிலை. அந்தப் பாணியின் நிறமும் அளவும் பிடிக்கவில்லையா? ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், ஆவணம் முழுக்க மாறிவிடும். ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வேன். பொருளடக்கமும் இதிலிருந்தே தானாக உருவாகும் என்பதால் எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம்.

இடைவெளிக்காக என்டரை வரிசையாகத் தட்டும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காலி வரியிலும் திரைவாசிப்பான் ‘வெற்று’ என்று சொல்லிக்கொண்டே போகும். நாலைந்து முறை கேட்டதும் ஆவணம் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுபவர்கள் உண்டு. புதுப் பக்கம் வேண்டுமென்றால் கண்ட்ரோல்-என்டர் போதும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழ் ஆவணங்களில் மட்டும் வரும் தொல்லைகள் தனி. என் வேலை நேரத்தில் பெரும்பகுதி அதில்தான் போகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்றும் கடிதங்கள் தட்டச்சாகின்றன. அந்த எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லையே. அது ஆங்கில எழுத்துகளை ஆங்கிலமாகவே உளறித் தள்ளும். ஆவணம் முழுக்க இப்படித்தான். பார்வையுள்ள ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு “எனக்கு நன்றாகத் தெரிகிறதே” என்பார். படிக்க முடியவில்லை என்று பார்வையற்றவர் சொல்வதும் உண்மை, இவர் சொல்வதும் உண்மை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பழைய கோப்புகளை அதற்கு மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தட்டச்சு செய்யும் எதையும் யூனிகோடில் செய்யாமல் இருக்க இன்று ஒரு காரணமும் இல்லை.

யூனிகோடுக்கு வந்த பிறகும் சில கண்ணிகள் இருக்கின்றன. துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்துவிடுவது ஒன்று. ‘பாடம்’ என்று கண் வாசித்துவிடும். குரல் ‘பரடம்’ என்று சொல்லும். அவசரத் தட்டச்சில் இது வரும், ஓசிஆரில் நிறையவே வரும். ‘ஔவை’ என்பதற்கு ஔகார எழுத்தை அடிக்காமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பது இன்னொன்று. திரையில் வேறுபாடு தெரியாது. காதில் ‘ஒ-ள-வை’ என்று மூன்றெழுத்தாக விழும். அப்புறம், தலைப்பு அகலமாகத் தெரியட்டும் என்று ‘அ றி வி ப் பு’ என எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அடிப்பது. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஐந்து தனிச் சொல். அழைப்பிதழிலும் சுற்றறிக்கையிலும் முதல் வரியே இப்படி இருந்தால், வந்திருப்பது என்ன கடிதம் என்று புரியவே நேரமாகும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்றால் எழுத்துரு அமைப்பில் அதற்கென்றே வசதி இருக்கிறது, சொல் உடையாது.

பிடிஎஃப் ஆக்கும்போது தமிழ் குலைவது இன்னொரு கதை. கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தெரிந்தாலும் கணினியில் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. சில பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே போட்டுவிடும். அப்போது ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் காதிலும் சரியாக விழும். அங்கே குப்பையாக வந்தால் அச்சகத்துக்குப் போன அந்தப் பிடிஎஃபை அப்படியே பார்வையற்றவருக்கு அனுப்பாதீர்கள். வேர்டு கோப்போ, இபப் என்ற மின்னூல் கோப்போ தனியாகக் கொடுங்கள்.

ஆவணத்தின் மொழி தமிழ் என்றும் குறித்துவிடுங்கள். வேர்டில் ரிவ்யூ பட்டையில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பத்தியைத் தாண்டிப் போய்விடக்கூடும். கேட்பவருக்கு அங்கே ஒரு பத்தி இருந்ததே தெரியாது. ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அது சொல்வதை எழுத்தில் சொல்லும் குறிப்பு, எழுத வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. எழுதுவது என்ன என்பதில்தான் கோளாறு. நூலக ஆண்டறிக்கையில் ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘வரைபடம்’ என்று மாற்று உரை எழுதினால் ஒரு பயனும் இல்லை. ‘நீல நிறத்தில் நான்கு பட்டைகள் கொண்ட படம்’ என்றாலும் அதே கதிதான். தானாக மாற்று உரை எழுதும் கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதித் தருகின்றன. ‘உறுப்பினர் எண்ணிக்கை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கூடி, நான்காம் ஆண்டில் சற்றுக் குறைந்தது, விவரம் கீழே அட்டவணையில்’ என்று எழுதினால் படம் எதற்காக வைக்கப்பட்டதோ அந்த வேலை நடந்துவிடும். படத்தை ஏன் வைத்தோம் என்பது ஆவணத்தை எழுதியவருக்குத்தான் தெரியும். அதனால் மாற்று உரையும் அவர் எழுதுவதுதான் முறை. என்னைப் போல் பின்னால் வந்து சரிசெய்பவர் ஊகிக்கத்தான் முடியும். ஓரத்துப் பூ வேலைப்பாடு போன்ற அலங்காரங்களை ‘அலங்காரம்’ என்று குறித்துவிட்டால் போதும், திரைவாசிப்பான் தாண்டிவிடும்.

அட்டவணையில் கட்டங்களை இணைப்பதுதான் பெரிய எதிரி. பார்வையற்றவர் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில் இருக்கிறார். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி நகரும்போது, நெடுவரிசையின் தலைப்பையும் சேர்த்துக் கேட்டால்தான் ‘42’ என்பது வயதா, மதிப்பெண்ணா என்று புரியும். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்து, கட்டங்களை இணைக்காமல் விட்டால் இது தானாக நடக்கும். இரண்டு மூன்று அடுக்காகத் தலைப்பு போட்டு அகலமாக விரித்த அட்டவணையைப் பார்த்தால், அதை இரண்டு சிறு அட்டவணைகளாகப் பிரிக்கச் சொல்வதுதான் என் வழக்கம்.

முழுப் பார்வையின்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் குறைபார்வை உள்ளவர்கள் விடுபட்டுப் போவார்கள். இவர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடர் இல்லாமல், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இவர்களுக்குப் பகை. இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்பதையும் கேட்கின்றன. தமிழுக்கு நான் இதைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்வேன். மெல்லிய எழுத்துருவில், மங்கிய நிறத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் ஒற்று உயிர்மெய் ஆகிவிடும். ‘கல்’ என்பதைக் ‘கல’ என்று படிக்க வேண்டியிருக்கும்.

பெரிதாக்கும்போது வரி மடிந்து திரைக்குள் அடங்க வேண்டும். நிலையான பக்க அமைப்புள்ள பிடிஎஃபை 400 விழுக்காடு பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தமிழில் சொற்கள் நீளம் வேறு. இபப் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. ‘சிவப்பில் உள்ளவை கட்டாயம் நிரப்ப வேண்டியவை’ என்று நிறத்தை மட்டும் நம்பிச் சொல்வதும் கூடாது. பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று எழுதிவிட்டால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் புரியும், காதால் படிப்பவருக்கும் புரியும்.

வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது, பிரின்ட் வழியாகப் போகாமல் ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போங்கள். பிரின்ட் வழியாகப் போனால் நீங்கள் பார்த்துப் பார்த்துக் குறித்த தலைப்பு, மாற்று உரை எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். நகலெடுக்கக் கூடாது என்று பிடிஎஃபுக்குப் பூட்டுப் போடுபவர்கள், திரைவாசிப்புக் கருவிகளை அனுமதிக்கும் தேர்வை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேர்டில் அணுகல்தன்மையைச் சோதிக்கும் வசதி ரிவ்யூ பட்டையிலேயே இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள். மாற்று உரை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்காது. ‘பரடம்’ அதன் கண்ணில் படாது. என்விடிஏயை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் ஆவணத்தை நீங்களே ஐந்து நிமிடம் கேளுங்கள். எங்கே தொலைந்து போனீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அதைவிட நல்லது, அன்றாடம் திரைவாசிப்பானில் படிக்கும் ஒருவரிடம் காட்டிக் கேட்பது. அந்த வேலைக்கு அவருக்கு உரிய ஊதியமும் கொடுங்கள்.

ஏற்கெனவே உள்ள புத்தகங்களைப் பார்வையற்றோருக்காக மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை உருவாகி, 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. பெரிய கதவு அது. ஆனாலும் மாற்றுவதற்கு ஆளும் நாளும் வேண்டும். அதற்குள் தேர்வு வந்துவிடும், விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விடும். தேர்வு முடிந்து வாரக்கணக்கில் கழித்துப் பாடநூல் கைக்குக் கிடைத்த மாணவர்களை எனக்குத் தெரியும். எழுதும்போதே சரியாக எழுதியிருந்தால், மற்ற மாணவர்கள் படித்த அன்றே அவர்களும் படித்திருப்பார்கள்.

பழைய கோப்புகள் மலைபோலக் கிடக்கின்றனவே, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பழையதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் நகலெடுத்துப் பயன்படுத்தும் கடிதம், சுற்றறிக்கை, அறிக்கை மாதிரிக் கோப்புகளை முதலில் எடுங்கள். அவற்றில் தலைப்புப் பாணி, மொழி, அட்டவணைத் தலைப்பு, யூனிகோட் எழுத்துரு ஆகியவற்றைச் சரிசெய்து வையுங்கள். நாளை முதல் அதிலிருந்து பிறக்கும் கோப்புகள் பெருமளவு சரியாகவே பிறக்கும். பழையவற்றில் யாராவது கேட்பதை, கேட்ட வரிசையில், கேட்டவரின் தேதிக்குள் மாற்றிக் கொடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியும்படி ஒவ்வொரு ஆவணத்தின் தொடக்கத்திலும் ஒரு தொடர்பு எண்ணைப் போட்டுவையுங்கள். படமாக அல்ல, எழுத்தாக.